இரண்டாம் தட்டின் நேரம்

நுண்ணோக்கிக்கு அடியில் அந்தக் கோடு நீளமாக இருந்தது. எட்டு நிமிடத்துக்கு இவ்வளவு நீளம் வராது. அண்ணி கண்ணை எடுத்தாள், கைக்குட்டையால் இமையை ஒற்றிக்கொண்டாள், மறுபடி குனிந்தாள். கோடு அப்படியேதான் கிடந்தது. திருகைச் சுற்றி ஒரு முனையை அளந்தாள், மறுமுனையை அளந்தாள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். முதல் படத் தட்டில் நாற்பது நிமிடத்தில் அந்த வானத்துக் கல் எவ்வளவு நகர்ந்திருந்ததோ, அதில் ஐந்தில் நாலு பங்கு இதிலும் நகர்ந்திருந்தது. எட்டே நிமிடத்தில்? சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது.

அவளை அந்த வானாய்வு நிலையத்தில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய நாத்தனார் சிட்டு அதே அளவு அறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒருத்தி வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தொலைநோக்கியின் கூரையைத் திறந்து மூடுகிற கூரைக்காரருக்கு அவளைவிடப் பத்து வயது கூட. அவருக்கும் அவள் அண்ணிதான். நிலையத்தின் தலைவரான பெரியவரே ஒருநாள் அவசரத்தில் 'அண்...' என்று பாதி சொல்லிவிட்டு, மீதியை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவர்கள் செய்த வேலையைச் சொன்னால்தான் இந்தக் கோட்டின் கதை புரியும். தொலைநோக்கியில் கண்ணாடித் தட்டை வைத்து வானத்தைப் படம் பிடிப்பார்கள். நட்சத்திரங்கள் புள்ளியாக விழும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிற சிறுகோள்கள், அதாவது பெரும் பாறைக் கற்கள் மட்டும், தட்டின் மூடி திறந்திருக்கிற நேரத்துக்குள் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சின்னக் கோடாக விழும். கண்ணிமை முடியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டது மாதிரி. அந்தக் கோட்டின் நடு எங்கே இருக்கிறது, அது எத்தனை மணிக்கு அங்கே இருந்தது என்ற இரண்டும் வேண்டும். மூன்று தட்டுகளில் மூன்று இடமும் மூன்று நேரமும் கிடைத்தால் சுற்றுப்பாதையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒருத்தி நுண்ணோக்கியில் கண் வைத்து எண்ணைச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவள் எழுத வேண்டும். கண் வைத்தவள் பெயர் தாளின் தலையில் இருக்கும். எழுதியவள் பெயர் கீழே ஒரு மூலையில். நேரத்தை, கூரைக்காரரின் பதிவு நோட்டைப் பார்த்து, எழுதுகிறவள்தான் நிரப்ப வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இவர்கள் கண்ட கல் ஒன்று இருந்தது. வேறு யாருடைய பட்டியலிலும் இல்லாத புதுக் கல். அதன் வெளிச்சம் ஐந்தரை மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கியது. அப்படியானால் அது உருண்டை இல்லை, நீளவாக்கில் இருந்துகொண்டு கரணம் அடிக்கிறது என்று அர்த்தம். கூரைக்காரர் உடனே 'உருளைக்கிழங்கு' என்று பெயர் வைத்துவிட்டார். கரி மாதிரிக் கறுத்த கல்லாக இருந்தால் நாற்பது கிலோமீட்டர் நீளம் இருக்கும், வெளுத்த கல்லானால் பதினைந்துதான் தேறும் என்று பெரியவர் சொன்னார். இருபத்திரண்டு நாளில் மூன்று தட்டு எடுத்தார்கள். அப்புறம் மழை மேகம் பிடித்துக்கொண்டது. நாலு மாதம் கூரையைத் திறக்கவே முடியவில்லை. மேகம் விலகியபோது உருளைக்கிழங்கு மேற்கே, சூரியன் விழுகிற பக்கத்துக்கு இறங்கியிருந்தது. கணக்குச் சொன்ன இடத்தில் போன வாரம் இரண்டு அந்திகள் தேடினார்கள். அங்கே அது இல்லை.

மறுநாள் பெரியவர் மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார். "ரெண்டாவது தட்டுதான் மத்த ரெண்டோட ஒட்டாம நிக்குது. கண் வச்சது யாரு?"

"சிட்டு" என்றாள் அண்ணி.

"எழுதினது?"

"நான். அவ சொன்னதைத்தான் எழுதினேன்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் கை தப்பு எழுதியதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். சிட்டு தற்காலிக ஊழியர். அன்று மாலையே அவளைக் கண் மேசையிலிருந்து எடுத்துத் தட்டுக் கிடங்கில் லேபிள் ஒட்டப் போட்டுவிட்டார் பெரியவர். மாதக் கடைசியோடு வேலையும் முடிகிறது, நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார் என்ற பேச்சு நடைவழியில் உலாவிக்கொண்டிருந்தது.

எட்டு நாளாக வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. "அண்ணே, உன் வீட்டம்மாகிட்டச் சொல்லு, சோப்பு தீர்ந்துபோச்சு" என்பாள் சிட்டு, அண்ணி மூன்றடி தள்ளி நிற்கும்போதே. "உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, அலமாரில புதுசு இருக்கு" என்பாள் அண்ணி. நடுவில் தட்டச்சு எந்திரம் ரிப்பேர் செய்கிற அண்ணியின் அப்பாவிப் புருஷன், கையில் திருப்புளியோடு, "நான் என்ன வீட்டுக்கு வந்த தபால் பெட்டியா? ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டாம்ப் ஒட்டிடுங்க" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்லப் போனால், இன்று அண்ணி இரண்டாம் தட்டை எடுத்துக் கண் வைத்ததே, சிட்டு எங்கே பிசகினாள் என்று கண்டுபிடித்து மனசைத் தேற்றிக்கொள்ளத்தான். கோட்டின் நடு சிட்டு சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. நீளம்தான் உதைத்தது.

அண்ணி பதிவு நோட்டை எடுத்தாள். அந்த நாளைத் தேடிப் பிடித்தாள். பக்கத்தின் கடைசி வரியில் கூரைக்காரரின் கோணல் எழுத்து: மூடி திறந்தது எட்டு பன்னிரண்டு, மூடியது எட்டு இருபது. நடு நேரம் எட்டு பதினாறு. தாளில் அவள் எழுதியிருந்ததும் அதேதான். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தின் முதல் வரி: மேகம் விலகியது, அதே தட்டு, மூடி திறந்தது எட்டு நாற்பத்து நாலு, மூடியது ஒன்பது பதினாறு.

எட்டு நிமிட வெளிச்சத்துக்கெல்லாம் அத்தனை மங்கலான கல் தட்டில் தடம் பதிக்காது. தட்டில் விழுந்திருந்த கோடு முழுக்க இரண்டாவது வரிக்குச் சொந்தம். கல் அந்த இடத்தில் இருந்தது ஒன்பது மணிக்கு. அண்ணி எழுதியிருந்தது எட்டு பதினாறு. மூன்று தட்டிலும் ஒரே மாதிரி நாற்பத்து நாலு நிமிடம் பிசகியிருந்தால்கூடப் பெரிய மோசமில்லை, எல்லாம் சேர்ந்து தள்ளிப்போயிருக்கும். நடுவில் ஒன்று மட்டும் பிசகியதால் பாதையே வளைந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அந்த வளைவு இரண்டு நிலா அகலத்துக்கு வளர்ந்திருக்கும். அவர்கள் தேடியது பக்கத்துத் தெருவில்.

பக்கத்தைத் திருப்பவில்லை. அவ்வளவுதான். ஒரு விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டுகிற வேலை.

முதலில் அவள் சிட்டுவை நினைக்கவில்லை, கடிகாரத்தைத்தான் நினைத்தாள். சூரியன் ஆறு மணிக்கு விழும். தட்டு வைக்கிற அளவுக்கு இருட்டுவதற்கு ஏழாகும். ஏழரைக்குக் கல் மேற்கு வேலியிலுள்ள மரங்களுக்குள் இறங்கிவிடும். நாளையிலிருந்து, இருட்டிய பிறகு ஒரு தட்டுக்கு வேண்டிய நேரம்கூட அது மரத்துக்கு மேலே நிற்காது என்று கூரைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். மூன்றே தட்டை வைத்துப் போட்ட கணக்கு ஐந்து மாதம் தாங்கும். சூரியனைத் தாண்டி மறுபக்கம் நன்றாகத் தெரிகிற இடத்துக்குக் கல் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேலாகும், அதுவரை தாங்காது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

அதற்கப்புறம்தான் இன்னொரு நினைப்பு வந்தது, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள் மாதிரி. பேசாமல் சரியான நேரத்தைப் போட்டுக் கணக்கைத் திருத்திவிடலாம். 'பழைய கணக்கில் கூட்டல் பிழை' என்று ஒரு வார்த்தை. கூட்டல் பிழை யாருக்கும் வரும், யார் மேலும் ஒட்டாது. கல்லும் கிடைக்கும். பெரியவர் சந்தோஷத்தில் சிட்டுவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் போடுவார். அண்ணி அந்த நினைப்பை உடனே விரட்டிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். விரட்டவில்லை. அதை உட்காரவைத்து, அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தனி ஆளாக அந்தக் கணக்கை மாலைக்குள் முடிக்க முடியாது. ஒருத்தி மடக்கை அட்டவணையைப் படிக்க வேண்டும், ஒருத்தி கைப்பிடிக் கணக்கு எந்திரத்தைச் சுற்ற வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் கூரைக்காரர் தொலைநோக்கியை ஓர் அங்குலம் திருப்ப மாட்டார். பெரியவர் வெளியே கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்தக் கட்டடத்தில் இந்தக் கணக்குத் தெரிந்த இன்னொரு ஆள் கிடங்கில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கிடங்கு கீழ்த்தளத்தில் இருந்தது. சிட்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் தட்டு உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பசை. மூக்கில் ஒரு புதுக் கண்ணாடி.

"சிட்டு, மேல வா. கணக்குப் போடணும்."

சிட்டு நிமிரவில்லை. "எனக்கு லேபிள் வேலை. வேணும்னா அண்ணன்கிட்டச் சொல்லி அனுப்புங்க."

"விளையாடுற நேரமில்ல. உருளைக்கிழங்குக் கணக்கு. ஏழு மணிக்குள்ள முடியணும்."

இப்போது நிமிர்ந்தாள். "எந்த எண்ணு மாறிச்சு?"

அண்ணி பக்கத்திலிருந்த உறை அடுக்கைப் பார்த்தாள். "நேரம். ரெண்டாவது தட்டோட நேரம்."

சிட்டு ஓர் உறையை ஒட்டி முடித்தாள். அதன் ஓரத்தை நகத்தால் நீவினாள். "நேரம் எழுதினது யாரு?"

"நான்தான்."

பசை டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து, திருகி மூடி, அதை ஓரமாக வைத்தாள் சிட்டு. பிறகு குரல் உயராமலே சொன்னாள். "எட்டு நாள் அண்ணி. ஒவ்வொரு கண்ணா மூடி மூடித் தெருவிளக்கைப் பாத்துக்கிட்டு நின்னேன். கண்ணு போயிடுச்சுன்னே நெனச்சேன். டாக்டர் ஒண்ணுமில்ல போம்மான்னு சொன்னாரு. அவரு பொய் சொல்றாருன்னு வேற கடைல போய் இதை வாங்கி மாட்டிக்கிட்டேன். இதைப் போட்டா எனக்குப் படிக்கட்டு ரெண்டா தெரியுது."

"சிட்டு..."

"நீங்க பொய் சொல்லலை, தெரியும். சொன்னதைத்தான் எழுதினேன்னீங்க. கதவுக்கு வெளியதான் நின்னேன்." எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "திருத்தத் தாள்ல காரணம்னு ஒரு கோடு இருக்குமே. அதுல என்ன எழுதப் போறீங்க?"

"முதல்ல கணக்கு முடியட்டும்."

சிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. முடியட்டும்."

மூன்றேகாலுக்கு உட்கார்ந்தார்கள். அண்ணி அட்டவணை, சிட்டு எந்திரம். கிடங்கில் பேசியதை விட்டால், எட்டு நாளில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் எல்லாம் எண்களாகவே இருந்தன. ஒன்பது, எட்டு, நாலு, ஏழு, ஒன்று. திரும்பச் சொல்லுங்க. ஒன்பது, எட்டு, நாலு, ஏழு, ஒன்று. எந்திரத்தின் கைப்பிடி கடகடவென்று சுற்றி நிற்கும், சிட்டு விடையைச் சொல்வாள், அண்ணி எழுதுவாள், எழுதியதை உரக்கப் படிப்பாள். சிட்டு ஒவ்வொரு முறையும் குனிந்து, அண்ணி எழுதியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனாள். முன்பெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டாள். அண்ணிக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. ஆனால் கையைப் பிடித்துத் தடுக்க அவளுக்கு என்ன முகம் இருக்கிறது?

நாலேமுக்காலுக்கு முதல் சுற்று முடிந்தபோது பாதை அபத்தமாக வந்தது. கல் வியாழனையே போய் இடிக்கிற மாதிரி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தாளைப் பார்த்தார்கள். அண்ணி பேனாவை மூடி வைத்தாள். ஒருவேளை நேரமும் காரணமில்லையோ, இது வேறு பிழையோ, வீணாக வாயைக் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் ஓடியது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை உணர்ந்ததும் அவளுக்கே அருவருப்பாகிவிட்டது.

"பதினேழாவது வரி" என்றாள் சிட்டு. "கழித்தல் குறியை நான் விட்டுட்டேன். என் தப்பு." அதைச் சொல்ல அவளுக்கு மூச்சுவிடுகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை.

திரும்பப் போட்டார்கள். ஐந்தே முக்காலுக்கு எண்கள் ஒன்றை ஒன்று கைபிடிக்க ஆரம்பித்தன. பழைய கணக்கில் கல் ஒரு சுற்றுச் சுற்ற ஐந்து வருஷம் எடுத்தது. புதுக் கணக்கில் நாலு வருஷமும் மூன்று மாதமும். வட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த பாதை, லேசான சாய்வு, அந்த வட்டாரத்தில் ஆயிரம் கற்கள் போகிற மாதிரி ஒரு சாதாரணப் பாதை. இன்று மாலை ஏழு பத்துக்கு அது இருக்கிற இடம் பழைய இடத்திலிருந்து இரண்டு நிலா அகலம் தள்ளி வந்தது. சிட்டு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஆளில்லன்னு வந்திருக்கோம்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தாங்கள் சண்டையில் இருப்பது ஞாபகம் வந்தது போல. எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருத்தத் தாளில் சிட்டு கையெழுத்துப் போட்டு, அண்ணி பக்கம் நகர்த்தினாள். காரணம் என்ற கோடு காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவர் உள்ளே வந்தார். வெளிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எந்திரத்தின் முன்னால் சிட்டுவைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"கூரைக்காரர் சொன்னாரு, புது இடம் வந்திருக்காம். கண் பிழையத் திருத்திட்டீங்களா? நல்லது" என்றார் அண்ணியைப் பார்த்து. "கொடுங்க, நேரமில்ல. காரணத்தை அப்புறம் எழுதிக்கலாம்."

தப்பிக்கிற கதவு இப்படித் திறந்தே கிடந்தது. அண்ணி தலையை ஆட்டினால் போதும். சிட்டு எந்திரத்தின் எண்களை ஒவ்வொன்றாகச் சைபருக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். சத்தமே வராமல் திருப்பினாள். அவள் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அண்ணிக்கு. வீட்டில் இனி வரப்போகிற காலைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குளியலறைக் கதவு, ஒரே மேசை, எதிரெதிரே இரண்டு சாப்பாட்டுத் தட்டு.

"இப்பவே எழுதிடறேங்க" என்றாள். நின்றுகொண்டே எழுதினாள். 'இரண்டாம் தட்டின் நேரத்தைப் பதிவு நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. கண் அளவில் பிழை இல்லை.' கீழே தன் முழுப் பெயர். எழுத்து அவளுடையது மாதிரியே இல்லை, கூரைக்காரர் எழுத்து மாதிரிக் கோணியிருந்தது.

பெரியவர் இரண்டு முறை படித்தார். "கண் அளவுல பிழை இல்லன்னு அன்னிக்கு நீங்க சொல்லலியே."

"அன்னிக்குத் தெரியாதுங்க. ஆனா நோட்டை எடுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணலை. என் கை தப்பாகாதுன்னு இருந்துட்டேன். அவ கண்ணைப் பத்தி மட்டும் எப்படியோ உடனே நம்பிட்டேன்."

அவர் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "காலைல என் அறைக்கு வாங்க" என்றார். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று அண்ணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூரைக்காரர் கதவில் தலையை நீட்டினார். "ஐயா, இருட்டுது. மேக்க ஒரு மேகப் பொதி வேற எழும்பிக்கிட்டிருக்கு. வழிகாட்டிக் குழாய்ல இன்னிக்குக் கண் வைக்கிறது யாரு?"

"கண்ணு யாருது சரின்னு இப்பத்தான எழுத்துல வந்திருக்கு" என்றார் பெரியவர், சிட்டு பக்கம் தாளை ஆட்டி. "போம்மா."

கூடத்தின் மேலே கூரை முனகிக்கொண்டே பிளந்தது. மேற்கில் செம்மை இன்னும் முழுசாக வடியவில்லை. மரங்களின் உச்சி கறுப்பாக, அதற்குப் பின்னால் பஞ்சுமூட்டை மாதிரி மேகம். சிட்டு ஏணியில் ஏறினாள், கண்ணாடியைக் கழற்றினாள், வைக்க இடமில்லாமல் கீழே நீட்டினாள். அண்ணி வாங்கிக்கொண்டாள். தட்டு வைத்த பெட்டி பொருந்தியது. ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு மூடி திறந்தது. தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் எல்லாமே கோடாகி, கல் எது நட்சத்திரம் எது என்று தெரியாமல் போய்விடும். சிட்டு மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு, இரண்டு விரலால் திருகை வருடிக்கொண்டிருந்தாள். அண்ணி நிமிடம் சொன்னாள். கல் இந்த நேரத்தில் அகலம் காட்டுமா, முனை காட்டுமா என்பது யாருக்கும் தெரியாது. முனை காட்டினால் வெளிச்சம் பாதியாகிவிடும், தட்டில் விழாமலே போகலாம். ஏழு இருபத்தாறுக்கு மேகம் முதல் மரத்தைத் தொட்டது. "மூடு" என்றார் பெரியவர். பதினெட்டு நிமிடம் கிடைத்திருந்தது. அண்ணி பதிவு நோட்டில் இரண்டு நேரத்தையும் எழுதினாள், எழுதியதைச் சிட்டுவிடம் நீட்டினாள். சிட்டு படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். இரண்டு பேருக்குத்தான் அங்கே நிற்க இடம், தோள் உரசாமல் முடியாது. சிட்டு தட்டை மருந்துத் தொட்டியில் இறக்கி, தொட்டியை மெல்ல ஆட்ட ஆரம்பித்தாள். அண்ணி விநாடிகளை எண்ணினாள். மருந்தின் புளித்த நெடி மூக்கில் ஏறியது. முதல் ஒரு நிமிடம் தட்டு வெறும் பால் நிறத்தில் கிடந்தது. அப்புறம் வெள்ளைக்குள்ளிருந்து பெரிய நட்சத்திரங்கள் கறுப்பாக முளைத்தன, ஒன்று, மூன்று, ஏழு, பிறகு எண்ண முடியாதபடி சின்னது சின்னதாக, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினது மாதிரி.

"நூத்தி முப்பது" என்றாள் அண்ணி. "நூத்தி முப்பத்தொண்ணு."

சிட்டு ஆட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் முகம் தொட்டியை நோக்கிக் கீழே கீழே போனது, மூக்கு மருந்தில் படுகிற அளவுக்கு. வெறும் கண், கண்ணாடி இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் அவள் இமை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஈரம் சொட்டுகிற ஆள்காட்டி விரல், தட்டைத் தொடாமல், கறுப்புப் புள்ளிகளுக்கு மேலே மெல்ல நகர்ந்து, கண்ணிமை முடித் துண்டு போல ஒன்றுக்கு மேலே நின்றது.

அண்ணி எண்ண மறந்தாள்.

"எண்ணுங்க அண்ணி" என்றாள் சிட்டு. விரல் அங்கேயே நின்றது. "நிறுத்தாதீங்க."

"நூத்தி முப்பத்தஞ்சு" என்றாள் அண்ணி. "நூத்தி முப்பத்தாறு."